பெருங்காயம் மணத்த ரோமாபுரி

காலையில் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். ரோமாபுரி சாம்ராஜ்யமே யானை குதிரையோடு என் சமையலறைக்குள் புகுந்துவிட்டது. குற்றம் உம்முடையது. தாராவிப் பெருங்காயக் கிடங்கில் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு லத்தீன் படித்த கணக்கப்பிள்ளை, உலகம் உருண்டையான நாளிலிருந்து நீர் ஒருவர்தானே!

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டுப் பம்பாய்க்கு ரயிலேறிய உமக்கு மிஞ்சியது அந்த ஒரு புத்தகம். ரோமாபுரி சாய்ந்துபோன காலத்தில், மரண தண்டனைக்குக் காத்திருந்த கைதி ஒருவன் எழுதிய தத்துவ நூல்.

"ஞாயித்துக்கெழம மாட்டுங்கா வாசகர் வட்டத்துல இதப் பத்திப் பேசப்போறேன் வே. ஒருத்தனும் காது குடுக்கலன்னா பழைய பேப்பர் வாங்குற ரத்திக்காரன்ட்ட எடைக்குப் போட்டுருவேன்" என்றீர். சொன்னால் செய்கிற ஆசாமி.

ஆகவே விளம்பர மந்திரி பதவியை நானே ஏற்றுக்கொண்டேன். "சிறைக்குள் மர்மப் பெண்!" என்று தாராவி முதல் கிங்ஸ் சர்க்கிள் வரை முழங்கினேன். நாற்பது லட்சம் பேர் திரண்டார்கள்; சிலருக்கு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை.

தலைவர், ஓய்வு பெற்ற ஆபீசர், கேட்டார்: "வந்தவ யாருங்காணும்?"

"தத்துவம் சார். பொம்பள உருவத்துல வந்து அவனத் தேத்துறா" என்றீர்.

கூட்டம் என்னை முறைத்தது.

"இங்கே நாவல்தான் பேசறது. தத்துவத்துக்குப் பஜனை மடத்துக்குப் போங்கோ" என்றார் தலைவர்.

நீர் அசையவில்லை. "நாவலாவே படிப்போம் சார். ஆரம்பத்துல அழுது பொலம்புறவன் கடைசிப் பக்கங்கள்ல வாயே தொறக்கல. அவ பேசிக்கிட்டே இருக்கா, புஸ்தகம் முடிஞ்சிருது. அவன் எங்க போனான்?"

"மனசு தேறியிருப்பான்" என்றார் ஒருவர்.

"தூங்கிருப்பான். எம் பொண்டாட்டி பேசுனா நானும் அப்படித்தான்."

"தண்டனைக்கு இழுத்துட்டுப் போயிருப்பானுவ வே!" என்றது பின்வரிசை.

தலைவர் மேசையைக் குத்தினார். "நிறுத்துங்கோ! ரெண்டு பேர் பேச்சையும் எழுதினவன் அவன்தானே? அவ குரலும் அவனோடதுதான். அவன் எங்கேயும் போகலை ஓய்!"

சண்டை பிடித்துக்கொண்டது. விளக்கை அணைத்தார்கள்; நடைபாதையில் தொடர்ந்தது; செம்பூர் பஸ்ஸிலும் ஏறிப் போனது.

புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் நடந்தீர். "எடைக்குப் போடலையா?" என்றேன்.

"சும்மா கெடயும் வே. அடுத்த வாரமும் பேசச் சொல்லியிருக்காரு" என்றீர். தலைவருக்கே தலைவர் ஆனவரைப் போல ஒரு நடை!

போய்ச்சேர்ந்துவிட்டீர்; இப்போது கடைசிப் பக்கத்தில் வாய் திறக்காதவர் நீர். அதனால் என்ன? உம்முடைய முறையையும் நானே பேசிக்கொள்கிறேன். இன்று சாம்பார் கொதிக்கும்போதுகூட, "காயம் கூடிப்போச்சு வே" என்றீர், என் வாயால்.

"சும்மா கெடயும்" என்று சொல்லி, இன்னொரு சிட்டிகை போட்டேன்.