மஞ்சள் குஞ்சு படம் போட்ட மூட்டை

மார்ச் 4
பேசினால் இந்தப் போன் தானே எழுதிக்கொள்ளுமாம். மருமகள் வைத்துக் கொடுத்தாள். "நாள் முழுக்க என்கிட்ட புலம்புறதுக்கு இதுகிட்ட புலம்புங்க மாமா. நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்றாள். சரி, புலம்புகிறேன்.

வாத்துக் குஞ்சுகள் வந்து இன்றோடு ஆறு நாள். மூன்று. பிள்ளைகள் அழுதார்கள் என்று என் மகன் அட்டைப்பெட்டியில் வாங்கிவந்தான். வாங்கிவந்தவன் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறான். மருமகள் ஒன்பது மணிக்கு. அழுத இரண்டும், பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு, பள்ளிக்கூடம் போய்விடுகின்றன. மிச்சம் யார்? குளியலறையில் பீ வழிப்பது யார்? பால்கனியில் விட்டால் கீழ்வீட்டுக்காரம்மா அங்கிருந்தே கத்துகிறாள், அவள் கொடியில் சொட்டுகிறதாம்.

வாத்து என்றால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 5
தண்ணீர்க் கிண்ணம் மூன்று முறை கவிழ்ந்தது. மூன்று முறை துடைத்தேன். இடுப்பு போச்சு.

மார்ச் 9
பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று சோப்பு. ஒன்று ராணி. மூன்றாவது, எந்நேரமும் முனகிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவது, குட்டித் தாத்தா. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். என்ன சிரிப்பு?

கொண்டுவந்த தீவனம் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போனேன். மூட்டைகள் வரிசையாக இருந்தன. மஞ்சள் குஞ்சு படம் போட்டதைக் கை காட்டினேன், எடுத்துக் கொடுத்தான். நான் எங்கேயும் கேட்பதில்லை, கை காட்டுவதோடு சரி. கேட்டால் "அதான் போட்டிருக்கே, படிங்க" என்பார்கள். நாற்பது வருடம் கிடங்கில் மூட்டை அடுக்கியவன் நான். தைத்த நூலின் நிறத்தைப் பார்த்தே எது எந்த லாரிக்கு என்று சொல்வேன். ஒருநாளும் மாறியதில்லை.

மார்ச் 13
சாயங்காலம் கதை. தொப்பியைத் தொலைத்த கரடி, பதினொன்றாவது தடவை. மருமகள் ஒருமுறை படித்துக் காட்டினால் போதும், எந்த வரிக்கு எந்தப் படம் என்று மண்டைக்குள் உட்கார்ந்துவிடும். சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டுவேன். கரடிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல். எனக்கு எழுத்து தெரியாது என்பது மகனுக்கும் மருமகளுக்கும் மட்டும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். "எங்க தாத்தா டீச்சரைவிட நல்லா படிப்பாங்க" என்று பெரியவள் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 22
குட்டித் தாத்தா நடக்கவில்லை. இரண்டு அடி வைக்கிறது, கால் வளைந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்றவை தீனிக்கு ஓடினால் இது வயிற்றால் தேய்த்துக்கொண்டு போகிறது.

சின்னவன்தான். நேற்று அதைக் கழுத்தளவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், நானே பார்த்தேன். "கீழே போட்டியாடா?" என்றேன். "போடல தாத்தா." "பொய் சொல்லாதே. உன்னாலதான் அது நொண்டியாச்சு." கத்திவிட்டேன். அழுதான். அழட்டும், அப்போதாவது புத்தி வரும்.

மார்ச் 24
மகனுக்கு லீவு இல்லையாம். பெரியவளைக் கூட்டிக்கொண்டு நானே மாட்டு டாக்டரிடம் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

"விழுந்த அடி இல்லைங்க ஐயா. எலும்பு நல்லாத்தான் இருக்கு. என்ன தீனி போடுறீங்க?"

மிச்சத்தை மூட்டையோடு கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். டாக்டரம்மா வாங்குவதற்குள் பெரியவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "கோழிக் குஞ்சுகளுக்கு மட்டும்."

வாத்துக் குஞ்சுக்கு ஏதோ ஒரு சத்து அதிகம் வேண்டுமாம், கோழித் தீவனத்தில் அது பற்றாதாம். தண்ணீரில் கலக்க ஒரு பொடி கொடுத்தாள். பட்டாணியை வேகவைத்து நசுக்கிக் கொடுக்கச் சொன்னாள். "சீக்கிரம் வந்துட்டீங்க, தேறிடும். ஆனா நிச்சயமா சொல்ல முடியாது" என்றாள்.

வெளியே வந்ததும் பெரியவள், "பெரிசா போட்டிருக்கே தாத்தா, நீங்க பார்க்கலையா?"

"கண்ணாடி எடுத்துட்டுப் போகலம்மா."

அவள் என் மூக்கைப் பார்த்தாள். நான் ஒருநாளும் கண்ணாடி போட்டவனில்லை.

மார்ச் 25
சின்னவன் கேட்டான். "நான் தூக்கினதாலயா தாத்தா?"

"இல்லடா. தீவனம் சரியில்ல."

"யாரு வாங்கினா?"

பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போய் விளையாடு" என்றேன்.

மார்ச் 27
அவன் குஞ்சுகள் பக்கமே வருவதில்லை. அவை அவனைத் தேடி ஓடிவந்தால், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். தொட்டால் கால் போய்விடும் என்று நினைக்கிறான்.

கிடங்கில் ஒருமுறை கணக்குப்பிள்ளை என்னைப் பத்துப் பேர் முன்னால் வைத்துச் சொன்னான்: "இவனுக்கு எதுக்குய்யா ரசீது? தலைகீழா பிடிப்பான்." முப்பத்தாறு வருடம் ஆச்சு. அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை கோடு போட்டது, மேல் பித்தான் இல்லை. எல்லாம் ஞாபகம் இருக்கு. என்ன பிரயோஜனம்? ஒரு நாலு வயசுப் பயல் கையை ஒளிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், என் வாயில ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. எனக்கு என்னடா வந்தது? இந்த வயசுக்கு மேல யாருகிட்ட மானம் காப்பாத்தப் போறேன்?

மார்ச் 28
சொல்லிவிட்டேன். பட்டாணி நசுக்கிக்கொண்டே, அவர்கள் முகத்தைப் பார்க்காமல்.

"தம்பி கீழே போடல. தப்பான மூட்டைய வாங்கினது நான். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தப் பார்த்து வாங்கிட்டேன்."

பெரியவள்: "அப்போ கரடிக் கதை?"

"உங்க அம்மா படிச்சதைக் கேட்டு மனசுல வெச்சுக்கிட்டது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

சின்னவன் என் பக்கத்தில் நகர்ந்து வந்தான். "எனக்கும் படிக்கத் தெரியாது!" என்றான், ஏதோ ஜோடி கிடைத்த சந்தோஷத்தில். பெரியவள் எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 30
பெரியவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. கேட்பாளா என்று சாயங்காலம் முழுக்கக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. சோப்பு என் கட்டைவிரலைக் கொத்திக்கொண்டிருந்தது. சனியன்.

ஏப்ரல் 8
குட்டித் தாத்தா குளியலறை வாசலைத் தாண்டி நாலு அடி நடந்தது. ஐந்தாவதில் உட்கார்ந்து என் செருப்பில் வேலையைக் காட்டியது. சின்னவன் இரண்டு கையாலும் அதை அள்ளிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். உடுப்பும் போச்சு. துவைப்பது யார்?

துடைத்துக்கொண்டிருக்கும்போது பெரியவள் ஒரு புத்தகத்தோடு வந்தாள். புதுசு, அவள் அம்மா இன்னும் படித்துக் காட்டாதது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, விரல் வைத்து முழுவதையும் ஒரே மூச்சில் படித்தாள். படகில் போகிற ஆமைக் கதை. முடித்ததும் என் கையில் கொடுத்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க தாத்தா. குரல் மாத்திச் சொல்லணும்."

அவள் படிக்கும்போது நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டதை அவள் கவனித்திருக்கவில்லை. நான் சொல்லும்போதும் அந்த இரண்டையும் சேர்த்தே புரட்டினேன்.