மதிலோரத்துக் கொடியில் உன் முடிச்சு

மாப்ள,

மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதமாகிறது. இனி குறுக்கே பேசி என்னை மடக்க உன்னால் முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று காலை மதிலோரத்துப் பேஷன் ஃப்ரூட் கொடியை வெட்டி எறிய அரிவாளோடு போனேன். வருடா வருடம் பூத்துக் கொட்டிவிட்டு ஒரு காய்கூடத் தராத கொடி. நீ கொடுத்தது. இழுத்துப் பிடித்தபோது இலைக்கடியில் பச்சையாய் ஏதோ கையில் இடித்தது. காய். ஒன்றல்ல, ஏழெட்டு. எங்கிருந்து வந்தது என்று கிளையைப் பிடித்துக்கொண்டே போனேன். மதில் உயரத்தில் தண்டு புடைத்திருந்தது. புடைப்புக்குக் கீழே பச்சைத் தண்டு, மேலே செம்மை ஓடிய வேறொரு தண்டு. நடுவில் சைக்கிள் டியூப் கீற்று ஒன்று தண்டுக்குள் பாதி புதைந்து கிடந்தது. இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதை உள்ளே விட்டு இழுத்த முடிச்சு. காலேஜ் ஹாஸ்டலில் என் பெட்டியை அப்படித்தான் கட்டித் தருவாய்.

உன்னிடமிருந்து வந்த எதையும் நான் உடனே நம்பியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. விளாங்குடியில் அடுத்தடுத்து மனை வாங்கியபோது கிழக்கு மனையை நீ எடுத்துக்கொண்டு, "ஒனக்குத்தான் மாப்ள நல்ல காத்து" என்றாய். இன்றுவரை அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவன் உன் கொடியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துச் சும்மா கொடுக்கிறாய் என்றால் நான் என்ன நினைப்பேன்?

பூ வந்ததும் நண்பகலில் தவறாமல் வந்துவிடுவாய். அந்தப் பூ விரியும் நேரம் அதுதான் என்பாய். ஒரு கையில் பெயிண்ட் பிரஷ், மறு கையில் தீப்பெட்டி. உன் வீட்டுப் பூவின் மகரந்தத்தை என் பூவில் தடவுவாய். என் பூவிலிருந்து தட்டித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போவாய். தடவியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கொண்டுபோனதைத்தான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொடி மலடாய் நிற்பது அதனால்தான் என்று முடிவுகட்டினேன். உன் கொடியும் காய்க்கவில்லையே என்று என் மனைவி சொன்னாள். ஒளித்துவைத்துப் பறிப்பான் என்றேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் வெளியே வந்தபோது கையில் பிளேடோடு நின்றாய். காலடியில் என் கொடியின் நுனி ஒரு முழத்துக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெட்டிய இடம் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

"யாரக் கேட்டு வெட்டுன?"

"கேட்டா நீ விட்ருவியாக்கும்? காய்க்கட்டும், அப்பறம் சொல்றேன்."

"என் வீட்டுக்குள்ள இனி வராத."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நான் அந்தக் கொடிக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. இரண்டு கோடை காய்ந்தது. போன மழைக்குத்தான் மறுபடி தழைத்தது.

இன்று அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மதிலருகே போய் உன் மனைவியைக் கூப்பிட்டேன். காயைக் காட்டியதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

"ரெண்டு வீட்டுலயும் இருக்கது ஒரே கொடிதானாம்ணே. அதான் இந்தப் பூவு அந்தப் பூவுக்குச் சேரலையாம். வேற கொடி வேணும்னு அலைஞ்சு, வத்தலக்குண்டுல ஒரு வீட்டுல ஒத்தக் குச்சி வாங்கியாந்தாரு. நம்ம கொடியில ஒட்டுக் கட்டுவாருன்னு பாத்தா, ஒங்க பக்கம் வந்துட்டாரு."

"ஏன்?"

"எங்கிட்ட எதச் சொல்லிருக்காரு, இதச் சொல்ல?"

அந்த ஏன்தான் காலையிலிருந்து குடைகிறது. ஒரே ஒரு குச்சி. அதை எனக்கு ஏன் கட்டினாய்? கத்தி பட்டு என் கொடி பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று முதலில் என்னுடையதில் சோதித்துப் பார்த்தாயா? மதிலுக்கு மேலே பூத்தால் வண்டு தானாக உன் பக்கமும் வரும் என்று கணக்குப் போட்டாயா? இப்படி நான்கைந்து காரணம் எழுதிப் பார்த்தேன். எதுவும் உன் முகத்துக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிற காரணம் ஒன்று இருக்கிறது. அதை நம்பினால் இந்த மூன்று வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மதியம் ஒட்டுக்கிளையில் நான்கு பூ விரிந்தது. மகரந்தத்தைத் தீப்பெட்டியில் தட்டி எடுத்துக்கொண்டு, மதில்மேல் எக்கி, உன் கொடியில் கைக்கு எட்டிய பூக்களுக்குத் தடவினேன். பிரஷ் இல்லை, விரலால்தான். உன் மனைவி சன்னலிலிருந்து பார்த்திருப்பாள். என்ன நினைத்தாளோ. யாரைக் கேட்டு என்று அவள் கேட்கவில்லை. விரலில் அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

இதை உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். இந்தப் பகுதித் தபால்காரருக்கு என் கையெழுத்து தெரியும் என்பதால் உறையின்மேல் முகவரியை டைப் அடித்துவிட்டேன். நாளை கோரிப்பாளையம் போகும்போது அங்கே பெட்டியில் போடுவேன். கீழே என் பெயர் இருக்காது. பெயர் எழுதினால் மன்னிப்புக் கேட்டதாகிவிடும். அதற்கு நான் இன்னும் தயாரில்லை. ஆனால் உன்னை மாப்ள என்று கூப்பிட்டவன் யாரென்று அந்த வீட்டில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.