சங்கு ஊதாத வாசல்

இன்று காலை உன் பழைய டிபன் டப்பாவில் உன் மகளுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டினேன். பெருங்காய வாசனை எழும்பிய நேரம் பார்த்துத் தொழிற்பேட்டைச் சங்கும் ஊதியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு இன்றுதான் கல்லூரியில் முதல் நாள்.

நம்முடைய முதல் நாள் நினைவிருக்கிறதா? புதுப் பை, புதுச் செருப்பு, எல்லாம் தயார். நம் அப்பாக்கள் கம்பெனி ஆட்கள். பள்ளியில் மணி, தெருவில் சங்கு என்றே வளர்ந்தோம். அதனால் கவரைப்பேட்டையில் ரயிலேறிப் போய், கல்லூரி வாசலில் டப்பாவும் கையுமாகச் சங்குக்குக் காத்து நின்றோம். மற்றவர்கள் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். திட்டு வாங்கப் போகிறார்கள் என்று நான் பரிதாபப்பட்டேன்.

கடைசியில் நீதான் வாட்ச்மேனிடம் கேட்டாய்.

"அண்ணே, சங்கு எப்போ ஊதுவாங்கோ?"

"இது இன்னா கம்பெனியாம்மா? கிளாஸ் ஆரம்பிச்சி எவ்ளோ நேரமாச்சு. உள்ள போங்க."

எனக்கு அழுகை முட்டியது. ஒரு வாரம் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் பேக்கிங் வேலைக்குப் போ என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார். "ஊட்டுக்கே போயிடலாம்டி" என்றேன். நீ என் கையை விடவில்லை. வகுப்பு வாசலில் நின்று, "சார், சங்கு ஊதும்னு கேட்டாண்ட நின்னுகினு இருந்தோம்" என்றாய். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட நீதான் அதிகம் சிரித்தாய். அப்படியே என்னை இழுத்துப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தாய்.

"நம்மள யாரும் கூப்புட மாட்டாங்கோ. நாமளே போய்க்கினே இருக்கணும்" என்று திரும்பும்போது ரயிலில் சொன்னாய். நான் படிப்பை முடித்தது அந்தப் பேச்சை நம்பித்தான்.

போன மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் மகளை நினைத்துத்தான் பயந்தேன். மார்க் நிறைய வாங்கியிருந்தாள். ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கமாட்டாள். காலையில் ரயில் வந்து நின்ற பிறகும் என் விரலை விடவில்லை. நீ இல்லையே என்று நினைத்தபடி நான்தான் அவளை ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் போன் செய்தாள்.

"பெரிம்மா, வேற கிளாஸ்ல போய் உக்காந்துட்டேன்."

"ஐயோ, அப்புறம்?"

"பாதியில தெரிஞ்சுது. எழுந்து சார்கிட்ட சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்கோ. நானும் சிரிச்சிகினே வெளிய வந்து, ரூம கேட்டுக்கினு போயிட்டேன்."

அடியே, நம் சங்குக் கதையை நான் அவளுக்கு இன்னும் சொல்லவே இல்லை. சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். வீடு வரும்வரை அவளுக்குச் சொல்ல நீ இருக்கிறாய்.