ஊரைப் பார்த்த ஜன்னல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

எங்கள் விடுதியில் நூலகம் கட்ட, ஷோபனா அக்காவின் கட்டடக்கலைக் குழு ஜமுனாமரத்தூர் வந்திருக்கிறது. எங்களைக் கேட்டுத்தான் எதையும் வரைகிறார்கள். தரையில் சுண்ணாம்புத் தூளால் அறையைக் கோடு போட்டு, ஜன்னல்களை எங்களையே குறிக்கச் சொன்னார்கள். ஆளுக்கொன்றாக, அவரவர் ஊர்ப்பக்கம் குறித்துவிட்டோம்.

"இன்னா பாப்பா, சுத்தி ஜன்னலாவே கீது. பொஸ்தகத்த எங்க வெப்பீங்க?" என்று அக்கா சிரித்தார்.

யாரும் தன் ஜன்னலை விடவில்லை. கடைசியில் புதூர்நாட்டுப் பக்கம் இருந்த என் ஜன்னலை நானே காலால் அழித்தேன். அங்கேதான் அலமாரி வரும். புத்தகம் எடுக்கும்போதெல்லாம் நம் ஊரைப் பார்த்துத்தான் நிற்பேன்.

இங்கே குளிர் அதிகம். உன் போர்வையைக் கொடுத்தனுப்பு, துவைக்க வேண்டாம். சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்
கலைவாணி