என் பக்கமும் ஒரு கிளட்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் போனில் "ம், ம்" என்கிறாய். நான் கத்துவது உண்மையிலேயே கேட்கிறதா, இல்லை கேட்டதுபோல் காட்டிக்கொள்கிறாயா என்று தெரியவில்லை. போன வாரம் "சாப்பிட்டியா" என்றதற்கு "இங்கயும் மழைதான்" என்றாய். அதனால்தான் கடிதம். மாமா இறந்துபோனபிறகு அந்த வீட்டில் மணிச்சத்தம் கேட்டாலே உனக்கு எரிச்சல் வருகிறது என்றும் தெரியும். கடிதம் மணி அடிக்காது. மனம் வரும்போது பிரித்துக்கொள்.

இங்கே எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது, சம்பளமில்லாத வேலை. மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று முழுக்க இவள் பின்னாலேயே நடந்து, அலமாரியை அப்படி அடுக்கு, குழாயை இறுக்கி மூடு என்று உயிரை வாங்குகிறேனாம். என்னைக் கேட்காமலே ஒரு குழுவில் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். தனியாக இருக்கும் வயதானவர்களை வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். மருந்து கொடுப்பது, வீடு பெருக்குவது எல்லாம் கிடையாது. பேச்சுத் துணை, அவ்வளவுதான். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது, அதுதான் முதல் விதி என்றார். அதைச் சொல்லும்போது ஏன் தன்னையே பார்த்தார் என்று இவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே கட்டடம். லிப்ட் இல்லை. இவள் இரண்டாவது மாடியில் நின்றுவிடுவாள். அங்கே ஒரு தையல்காரர், மனைவி இறந்தபிறகு ஒண்டியாக இருப்பவர். நான் மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு ஏறுவேன். அங்கே இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளிய ஒரு பெண்மணி. தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாம். எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒரு இரும்பு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, அதைப் பிடித்தபடிதான் வீட்டுக்குள் நடக்கிறார். கைத்தடி வாங்கிக்கொள்ளலாமே என்று முதல் நாள் தெரியாமல் சொல்லிவிட்டேன். "தடியில உக்கார முடியுமா" என்று கேட்டார்.

முதல் சில வாரங்கள் கஷ்டம்தான், அக்கா. என்னைப் பார்த்ததும் என் மகன் அனுப்பிய ஆளா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்றார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வண்டியை நிறுத்தத் தெரியாமல் ஒருவன் திண்டாடிக்கொண்டிருந்தான். "ஒடிச்சுத் திருப்பு, ஒடிச்சுத் திருப்பு" என்று அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

கொஞ்சம் பழகியபிறகு பேச்சு வந்தது, முக்கால்வாசி புகார். கீழ்வீட்டு ஆள் விடிந்ததும் ரேடியோவை அலறவிடுகிறாராம். செய்தி, பாட்டு, உர விளம்பரம், எதையும் விடுவதில்லையாம். "எனக்கு வயலா இருக்கு, தோட்டமா இருக்கு" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது இவள் முகம் சிடுசிடுவென்றிருந்தது. விதிப்படி சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். தையல்காரரின் தலைக்கு மேலே யாரோ நாள் முழுக்க நாற்காலி இழுக்கிறார்களாம், மனுஷன் தூங்க முடியவில்லையாம். நானும் விதியை மீறினேன். இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரர் காது கேட்காதவர் இல்லையே, ஏன் அவ்வளவு சத்தம் என்று இவளிடம் கேட்டேன். "வீடு சும்மா கெடக்குதுங்க. அதான் வைக்கிறாரு" என்றாள்.

உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா? சமையலறையில் ஒழுகிய கூரையை யாராவது பார்த்தார்களா? இரண்டுக்கும் பதில் எழுது.

அன்புடன்,
தம்பி

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கார்டு கிடைத்தது. "நலம். கவலை வேண்டாம்." கூரையைப் பற்றி ஒன்றுமில்லை. சரி, வந்ததே போதும். அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன்.

இவளுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இப்போது தேவலை, சூப் குடிக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். அந்தக் காய்ச்சலால் போன செவ்வாய் நான் மட்டும்தான் போனேன். அன்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாஸ்டரம்மா கதவருகிலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்து கீழே ரேடியோ வைக்கவில்லை என்றார். ரிப்பேராக இருக்கும் என்றேன். "ரிப்பேர்னா வேற சத்தமாச்சும் வருமில்ல. குழாய், பாத்திரம், இருமல். ஒண்ணுமே வரல. போய்ப் பாருங்க" என்றார். ரேடியோவை மட்டுமல்ல, அத்தனையையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

கீழே போய் மணி அடித்தேன். பதில் இல்லை. காவலாளியிடம் மாற்றுச் சாவி இருந்தது. திறந்தால் கதவு ஒரு கையகலம்தான் நகர்ந்தது, உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. ஐயா, ஐயா என்று கத்தினேன். வீடு அப்படியே கிடந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். வருகிறோம், அதுவரை உள்ளே குரல் கேட்டால் தூங்க விடாமல் பேச்சுக் கொடுங்கள் என்றார்கள். எந்தக் குரலும் கேட்கவில்லையே என்று மறுபடி கதவைத் தட்டினேன்.

அப்போது மாடிப்படியில் ஏதோ தேய்கிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டரம்மா. படியில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து, அடுத்த படிக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். அந்தப் படிகளில் அவர் இறங்கி எத்தனையோ காலமாகிறது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். "தொடாதீங்க, பேலன்ஸ் போயிடும்" என்றார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். காவலாளி தன் முக்காலியைக் கொண்டுவந்து கதவோரம் போட்டார். அதில் உட்கார்ந்து, அந்தக் கையகலச் சந்தில் வாயை வைத்து, "தையக்காரரே, ரேடியோவை ஏன்யா போடல" என்று அதட்டினார்.

என் கத்தலுக்கு வராத பதில் அதற்கு வந்தது, அக்கா. குளியலறைப் பக்கமிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "நாற்காலி அம்மாவா?"

விடிகாலையிலேயே வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை, குளிர்கிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றார். தூங்கக் கூடாது என்று மாஸ்டரம்மா சொன்னார். எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வாராவாரம் பேசுவதற்கென்றே போகிற ஆள் நான்.

கார் ஓட்டத் தெரியுமா என்று மாஸ்டரம்மா அவரைக் கேட்டார். தெரியாது என்றார் அவர். வாழ்நாளில் ஒரு தடவைகூடவா? ஒரு தடவைகூட இல்லை.

"சரி, வண்டியில ஏறி உக்காருங்க."

"படுத்துக் கெடக்கேன்மா."

"பரவாயில்ல, சீட்டைச் சாய்ச்சுக்குங்க."

காவலாளி என்னைப் பார்த்தார். நான் காவலாளியைப் பார்த்தேன். மாஸ்டரம்மா எங்களைப் பார்க்கவேயில்லை. பின்னால் வருவது தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பச் சொன்னார். சாவியைப் போடச் சொன்னார். இடது காலால் கிளட்ச்சை மிதியுங்கள் என்றார். தையல்காரர் அழுகிற குரலில், இடது கால்தான் அசையவில்லை என்றார்.

"அப்ப விடுங்க, நான் மிதிக்கிறேன். இது கத்துக்கொடுக்கிற வண்டி. என் பக்கமும் ஒரு கிளட்ச் இருக்கு" என்றார் மாஸ்டரம்மா. அதைச் சொல்லும்போது முக்காலியில் அவருடைய இடது கால் உண்மையிலேயே தரையை மிதித்தது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

அப்படியே வண்டி கிளம்பியது. தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பாலத்தில் ஏறியது. எதிரே லாரி வருகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஹாரன் அடிப்பேன் என்றார் தையல்காரர். ஹாரனை நம்பி வண்டி ஓட்டாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள் என்று திட்டு விழுந்தது. குரல் மங்கும்போதெல்லாம் "ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க" என்று உலுக்கினார். எங்கே போக வேண்டும் என்று ஒரு கட்டத்தில் கேட்டார். கடல் பார்த்ததில்லை என்றார் அவர். சரி, இடது பக்கம் சிக்னல் போடுங்கள் என்றார் இவர்.

தீயணைப்பு ஆட்கள் வந்து சங்கிலியை வெட்டும்போது வண்டி இன்னும் கடற்கரைக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது தையல்காரர் கண்ணைத் திறந்து முக்காலியைப் பார்த்தார். "இவ்வளவு குள்ளமா இருக்கீங்க. சத்தத்தை வச்சு ஆறடின்னு நெனச்சேன்" என்றார். ஆம்புலன்ஸ் போனபிறகுதான் மாஸ்டரம்மாவுக்கு நடுக்கம் வந்தது. இரண்டு பேர் அவருடைய இரும்பு நாற்காலியைக் கீழே கொண்டுவந்து, அவரை அதில் உட்காரவைத்துத் தூக்கி மேலே கொண்டுவிட்டார்கள். நான் போகவேண்டிய நேரம் தாண்டியும் அங்கேயே இருந்தேன். கீழ்வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

இவள் கேட்டுவிட்டுக் காய்ச்சலோடு அழுதாள். தான் மட்டும் போயிருந்தால் மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

அன்புள்ள அக்காவுக்கு,

"அந்தத் தையல்காரர் பிழைத்தாரா?" என்று ஒரே கேள்வியோடு உன் கார்டு வந்தது. மாமா போனபிறகு நீ எங்களைக் கேட்ட முதல் கேள்வி அது. இவள் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

பிழைத்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது தடுப்புக் கம்பியைப் பிடித்து நடக்கப் பழகுகிறார். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டார். மாடி ஏற முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில், கீழ்த்தளத்தில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. தையல் மிஷினை இவளும் நானும் ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரேடியோவை அங்கே சத்தமாக வைக்க விடமாட்டார்களாம். அதுதான் அவருக்குப் பெரிய குறை.

இரண்டாவது மாடி காலியாகக் கிடக்கிறது. மாஸ்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, இனி இங்கே வந்து உட்கார வேண்டாம் என்றார். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டேன். "அதில்லைங்க. ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து என்னை எறக்குங்க. அந்த ஆள் பாடத்தைப் பாதியில விட்டுட்டாரு" என்றார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் காவலாளியும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கி, டாக்சி பிடித்து அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போகிறோம். முன்சீட்டில்தான் உட்காருவார். வழியெல்லாம் டிரைவருக்குப் பாடம் நடக்கும். ஒரு டிரைவர் கும்பிட்டு எங்களைப் பாதியில் இறக்கிவிட்டான்.

போன தடவை தையல்காரர் மாஸ்டரம்மாவின் இரண்டு முழங்காலுக்கும் கம்பளித் துணியில் உறை தைத்து வைத்திருந்தார். அளவு சரியில்லை என்று மாஸ்டரம்மா அங்கேயே குறை சொன்னார். கழற்றவில்லை.

அக்கா, இப்போது ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ஊரிலும் இப்படி ஒரு குழு இருக்கிறதென்று எங்கள் நர்ஸம்மா விசாரித்துச் சொன்னார். உன் வீட்டுக்கு வரக்கூடியவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண். அதிகம் பேசாதவராம். நான் உன் பெயரைக் கொடுக்கவில்லை. நீ சரி என்று ஒரு வரி எழுதினால்தான் கொடுப்பேன். பிடிக்காவிட்டால் முதல் நாளே அனுப்பிவிடு, அவர் வருத்தப்பட மாட்டார்.

கடையில் இப்போது லீவு கிடைக்கவில்லை. கோடையில் நானும் இவளும் வருகிறோம். வந்தாலும் எங்களிடம் நீ மாமாவைப் பற்றிப் பேச மாட்டாய். பேச ஆரம்பித்தால் நாங்கள் அழுதுவிடுவோம் என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். தெரியாமலா இருக்கிறோம்?

அந்தப் பெண்ணுக்கு மாமாவைத் தெரியாது, அக்கா. நீ முதலிலிருந்து சொல்லலாம்.

உன் ஒரு வரிக்குக் காத்திருக்கும்
தம்பி