உட்கார்ந்தே பழகிய கோலாட்டம்

என் அன்பான செல்வி அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் சத்தமாகச் சிரிக்க விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் இதைத் தனியாக வைத்துப் படியுங்கள்.

அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும் என்று, கலஹாவில் நம் ஊர் அம்மன் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினீர்கள். உண்மையைச் சொன்னால் எந்த அப்பா அனுப்புவார்? "கோலாட்டம் பழக்குறோம்" என்று கூசாமல் பொய் சொன்னீர்கள். பேச்சு வெளியே கேட்காமலிருக்க எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கோல் தட்டுவார்கள். கோலைக் கீழே வைத்தவள் பேசுவாள். மற்றவர்கள் மெல்லத் தட்டியபடி கேட்பார்கள்.

நீங்கள் கண்ணை மூடியதும் வகுப்பு என் தலையில் விழுந்தது. எல்லோரும் பேசினார்கள், பிரியா மட்டும் வாயே திறக்கவில்லை. அவளுடைய அப்பாதான் கோயில் தலைவர். அவர் ஒருநாள் வந்து நின்றார்.

"டீச்சர், திருவிழாவுக்கு நம்ம புள்ளைங்கதான் தேருக்கு முன்னால ஆடணும். ஆடலேன்னா வகுப்பு எதுக்கு? மண்டபத்தப் பூட்டிருவோம்."

ஒருத்திக்கும் நின்று ஆடத் தெரியாதே, அக்கா!

திருவிழாவன்று தாளம் பிசகவில்லை. கால்கள்தான் ஆளுக்கொரு திசையில் போயின. ஒருத்தியின் கோல் தப்படிக்கிற அண்ணனின் தொப்பியைத் தட்டிவிட்டது. அம்மனே சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல எனக்குப் பட்டது.

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "புள்ளைய வளர்த்த லட்சணத்தப் பாரு!" என்று பக்கத்தில் நின்ற மனைவிமேல் கையை ஓங்கினார்.

பிரியா கோலைக் கீழே வைத்தாள்.

அவ்வளவுதான். நான் சொல்லாமலே மற்றப் பிள்ளைகள் தேருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெல்லத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். தேர் நின்றது. தப்புச் சத்தமும் நின்றது.

"அப்பா, அம்மாவ அடிக்காதீங்க. வீட்டுலயும் அடிக்காதீங்க," என்றாள் பிரியா. ஊரே கேட்டது. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மனுசன் அம்மனைக் கும்பிட்டுவிட்டார்!

அவர் திருந்திவிட்டார் என்று உங்களிடம் புளுகமாட்டேன். தாயும் மகளும் இப்போது பேராதனையில் மாமா வீட்டில் இருக்கிறார்கள். மண்டபத்தைப் பூட்ட ஊர்ப் பெண்கள் விடவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி பிரியா வந்துவிடுகிறாள்; இப்போது அவள் பேச்சை நிறுத்தத்தான் நாங்கள் படாத பாடு படுகிறோம். அன்று நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

உங்கள் பொய்யை மெய்யாக்குகிறேன், அக்கா, இது சத்தியம். அடுத்த திருவிழாவுக்குள் நின்று ஆடப் பழகிவிடுவோம். ஆனால் எவளாவது கோலைக் கீழே வைத்தால், எந்தத் தேர் வந்தாலும் உட்கார்ந்துவிடுவோம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
வசந்தா