பின் இறகில் ஐந்து புள்ளி

1964 பிப்ரவரி 9, ஞாயிறு

மூலனூரில் ராமாத்தாள் மகனுக்குக் காதுகுத்து. என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்தவள், இது அவளுக்கு மூன்றாவது பிள்ளை. எனக்கு எட்டாம் வகுப்பும் அறிவியல் பாடமும்தான். பந்தலில் ஆளாளுக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒண்ணும் அமையலீங்களா டீச்சர்?” என்றார்கள். சின்ன வயதில் வந்த அம்மை எப்போதோ இறங்கிப் போய்விட்டது. தழும்புகளுக்குத்தான் என்னை விட்டுப் பிரிய மனமில்லை.

சாப்பிட்டதும் தப்பித்து அவர்கள் கொறங்காட்டுக்குப் போனேன். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரங்கள், செம்மறி ஆடுகள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேலியோரம் விழுதிச் செடியில் ஒரு பட்டாம்பூச்சி. வெள்ளை இறகு, நுனியில் செங்காவி. இந்தப் பக்கம் எங்கும் பறப்பதுதானே என்று திரும்பப் போனேன். அப்போதுதான் இறகை விரித்தது. பின் இறகின் ஓரத்தில் வரிசையாக ஐந்து கறுப்புப் புள்ளி! வடக்கே பாலைவனத்துப் பக்கம் மட்டும் உண்டு என்று படித்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைவிட உன்னிப்பாக அதைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அதுதான்.

பிப்ரவரி 15, சனி

கோவைக்குப் போய்க் காலேஜ் புரொபசரைப் பார்த்தேன். பூச்சி விஷயத்தில் இந்த ஜில்லாவில் அவர் சொன்னால்தான் செல்லுமாம். சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே மறுத்தார்.

“உங்க பக்கம் அது இருக்காதும்மா. புள்ளி இல்லாததுதான் இருக்கும். புள்ளி தெரியற மாதிரி ஒரு போட்டோ கொண்டு வாங்க. எங்க பத்திரிகையில உங்க பேரோட போடலாம்.”

என் பேரோட. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுவே காதில் கேட்டது. எனக்கு இது வேண்டும். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேண்டும்.

பிப்ரவரி 23

அண்ணன் தண்டாயுதபாணியின் கேமராவை இரவல் வாங்கியிருக்கிறேன். கிட்டத்தில் இருப்பதெல்லாம் அதற்குக் கலங்கலாகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியை முன்னால் வைத்து, பனியன் கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவந்த நூலால் இறுக்கிக் கட்டினேன். பூச்சிக்கும் கேமராவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு குச்சியை ஒடித்து அளவு வைத்துக்கொண்டேன். அண்ணன் பார்த்துவிட்டு, “கேமராவுக்கே மூக்குக்கண்ணாடியா?” என்றான்.

மார்ச் 1, ஞாயிறு

எடுத்துவிட்டேன்!

காலையிலிருந்து விழுதிச் செடியடியில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். முழங்கையெல்லாம் முள். ராமாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நாலு ஆட்டுக்குட்டியப் போட்டோப் புடிச்சாலும் ஊட்டுல மாட்டி வெக்கலாம். பூச்சியப் போய்...” என்றாள். அவள் சத்தம் கேட்டுக் கோபித்துக்கொண்டு பறந்த பூச்சி, வெயில் ஏறியதும் தானே வந்து உட்கார்ந்தது. மூன்று படம். மூன்று தடவையும் இறகை நன்றாக விரித்திருந்தது.

மார்ச் 3

சென்னிமலையில் ஒரு வரன். போட்டோ கேட்டிருக்கிறார்கள். ரோலில் ஒரு படம் மீதி இருப்பது அம்மாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ!

“பூச்சிக்கு மூணு எடுத்தீல்ல, பொண்ணுக்கு ஒண்ணு எடுத்தா கேமரா தேஞ்சா போயிரும்?”

அண்ணன் எடுத்தான். நான் வேலைக்குப் போன பிறகு ரோலை அம்மாவே ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டாள். நல்லதுதான், எனக்கு ஒரு நடை மிச்சம்.

மார்ச் 14, சனி

ஸ்டுடியோவில் கவரைப் பிரித்தேன். முதலில் நான். யாரோ ஒரு பெண் என் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகம் வழுவழு. ஸ்டுடியோவில் டச்சிங் செய்யும் சுப்பையனின் கைவேலை. நெகட்டிவின் மேல் பென்சிலை வைத்துத் தழும்பை ஒவ்வொன்றாக அடைத்துவிடுவார். பாதித் திருப்பூருக்குக் கல்யாணம் ஆனது அவர் பென்சிலால்தான்.

அடுத்தது பூச்சி. இறகு விரித்து, மீசை முதல் தெளிவாக... புள்ளி எங்கே? சுப்பையனைக் கேட்டேன்.

“அதுங்களா டீச்சர்? றெக்கையில அழுக்காட்ட அஞ்சு திட்டு இருந்துச்சுங்க. பொண்ணு பாக்கற ரோலுன்னு அம்மா சொன்னாங்களா, ஒண்ணையும் உடாம எடுத்துட்டனுங்க. பூச்சிக்குத் தனியாக் காசு வேண்டாமுங்க.”

“மூணுலயுமா?”

“மூணுலயுந்தானுங்க. மேல வார்னிசும் பூசீட்டன். இனி ஆரு நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

அவர் முகத்தில் அத்தனை பெருமை. திட்ட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அய்யோ, நானே கொண்டுபோயிருக்கக் கூடாதா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இனி எங்க போய்ப் பிடிப்பேன்? கோடை வெயில் வந்துருச்சே, செடியே காஞ்சிருமே.

மார்ச் 21, சனி

அப்படியும் புரொபசரிடம் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இது சாதாரணப் பூச்சிம்மா” என்றார். படத்தை வெகுவாகப் பாராட்டினார்.

மார்ச் 29, ஞாயிறு

சென்னிமலைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னைப் பார்த்தார், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக, “ஏனுங்க, இந்தப் புள்ளையக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?” என்றார்.

“இதானுங்க அந்தப் புள்ளை” என்றாள் அம்மா.

பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆக, புள்ளி இருப்பதால் நான் வேண்டாம். இல்லாததால் பூச்சி வேண்டாம். சுப்பையனுக்குத் தெரிந்தால் இரண்டுக்கும் சேர்த்து வருத்தப்படுவார், பாவம்.

ஏப்ரல் 12

கொறங்காட்டில் விழுதி இலையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஒன்றும் பறக்கவில்லை.

1965 மார்ச் 7, ஞாயிறு

வந்துவிட்டது! அதே வேலி. ஐந்து புள்ளியும் பத்திரம். இரண்டு படம் எடுத்தேன்.

மார்ச் 9

ஸ்டுடியோவில் சுப்பையன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் பென்சிலை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மனிதருக்கு மனத்தாங்கல்.

“இப்படியே குடுத்தா எம்பேரு கெட்டுப் போயிருமுங்க டீச்சர்.”

“கெடட்டுங்க” என்றேன்.

மார்ச் 13, சனி

புரொபசர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்தையும் எண்ணினார்.

“போன வருஷம் அழிச்சாருன்னு நீங்களேதான் சொன்னீங்க. அழிக்கத் தெரிஞ்சவருக்கு வரையத் தெரியாதாம்மா?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! மேஜையைத் தட்டிவிட்டேன். “அப்ப நீங்களே வந்து பாருங்க சார். பஸ்ஸு மூலனூருக்கும் போகுது.” அறைக்கு வெளியே யாரோ எட்டிப் பார்த்தார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று வந்துவிட்டேன். அவர் எனக்கு வேலை கொடுத்தவரே இல்லை என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 21, ஞாயிறு

வந்தார். தொப்பி, பூட்ஸ், குடை, பிளாஸ்க். விழுதிக்கு எதிரே ராமாத்தாள் கட்டிலே போட்டுவிட்டாள். பத்து மணி, பதினொரு மணி, பூச்சி வரவில்லை. சார் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. வராதோ? நான்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனோ?

அவர் பிளாஸ்க்கை மூடி எழுந்தபோது வந்து உட்கார்ந்தது.

தொப்பி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் பூட்ஸ் காலோடு மண்டி போட்டார். ஒன்று, இரண்டு என்று சின்னப் பிள்ளை மாதிரி எண்ணினார். ஐந்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். “மன்னிச்சுக்கம்மா.” நான் அழுததை அவர் பார்க்கவில்லை, கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். ஒரே ஒரு படம்.

ஏப்ரல் 3, சனி

பிரிண்டைக் கொண்டுபோனேன். முன்னால் பூச்சி, தெளிவாக, புள்ளிகளோடு. பின்னால் கலங்கலாகச் சாரின் வழுக்கைத் தலை, பௌர்ணமி நிலா அளவுக்கு. சார் வெகுநேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“பூச்சியை ஒண்ணும் செய்ய வேண்டாம். பின்னால வெள்ளையாத் தெரியுதே, அதை மட்டும் கொஞ்சம்... உங்க ஊர்ல ஒருத்தர் இருக்காருன்னீங்களே?”

“இருக்கார் சார். ஆனா பென்சிலை எடுத்தா ஒண்ணையும் விட மாட்டார்.”

சார் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொன்னார். பெரிய மனிதர்தான்.

ஜூலை 10, சனி

பத்திரிகை வந்தது. அச்சுக்காகப் படத்தை உலோகத் தகட்டில் பிளாக் செய்து, மட்டமான காகிதத்தில் அடித்திருக்கிறார்கள். பக்கம் முழுக்க மைப் புள்ளி. வானத்தில் புள்ளி, இலையில் புள்ளி, சாரின் வழுக்கையிலும் புள்ளி. பூச்சிக்கு ஐந்தா ஐம்பதா என்று படைத்தவனாலும் சொல்ல முடியாது. இதற்கா இத்தனை பாடு என்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

நல்லவேளை, கீழே எழுத்து தெளிவாக இருக்கிறது. ‘பின் இறகில் ஐந்து கறுப்புப் புள்ளிகள். நேரில் கண்டேன்’ என்று சாரின் வாக்கியம். அதற்கும் கீழே: ‘கண்டறிந்தவர், கு. கமலாம்பாள், ஆசிரியை, திருப்பூர்.’

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். “பூச்சி எங்க கண்ணு? எல்லாம் அம்மை போட்டாப்புல இருக்குது” என்றவள், சட்டென்று என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் விரல் வைத்துக் காட்டினேன். அப்புறம் என் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்பா வந்ததும் அவருக்கும் படித்துக் காட்டினாள்.

தாராபுரத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறதாம், போட்டோ கேட்கிறார்களாம். போன வாரம் ராமாத்தாள் வீட்டில் ஆட்டுக்குட்டியோடு என்னை அண்ணன் எடுத்த படத்தை அம்மா, அப்படியே, கவரில் போட்டு ஒட்டினாள். சுப்பையன் பேச்சையே எடுக்கவில்லை.